கோபப்பட்ட வாசகனே கதையைச் சரியாகப் படித்தவன்

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பற்றி எழுதுகிறவர்களிடையே ஒரு தீர்ப்பு நிலைபெற்றுவிட்டது. ரசிகனுக்கு மாற்றம் பிடிக்காது. பத்து வயதில் படித்த கதையே கடைசிவரை வேண்டும் என்று அடம்பிடிப்பான். எழுத்தாளர் துணிந்து எதையாவது செய்தால் கூச்சல் போடுவான், சில வருடங்கள் கழித்து அதையே தலையில் வைத்துக் கொண்டாடுவான். ஆகவே அவன் கோபத்தை ஒரு கருத்தாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, அடங்கும்வரை காத்திருந்தால் போதும். இந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாக அடிக்கடி இழுத்துவரப்படும் கதை, 2007-ன் இறுதியில் மார்வல் நான்கு பகுதிகளாக வெளியிட்ட ஸ்பைடர்மேன் கதையான 'ஒன் மோர் டே'.

அந்தச் சாட்சியை நிதானமாக விசாரித்தால் அது எதிர்த்தரப்புக்குப் பேசுகிறது. மாற்றத்தைக் கண்டு பயந்தவர்கள் வாசகர்கள் அல்ல. பயந்தது பதிப்பகம். வாசகர்கள் கேட்டது, நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்பதைத்தான்.

கதை இதுதான். 2006-ல் வந்த 'சிவில் வார்' தொடரில், சக நாயகனான டோனி ஸ்டார்க்கின் பேச்சைக் கேட்டு, ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் பத்திரிகையாளர்கள் முன் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்கிறான். அந்த முடிவின் விலையாக, சிறையில் இருக்கும் குற்றக்கும்பல் தலைவன் கிங்பின் அனுப்பிய கொலையாளி சுட்ட குண்டு, பீட்டரை வளர்த்த பெரியம்மா மேயைத் துளைக்கிறது. மருத்துவத்தால் முடியவில்லை, மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சாலும் முடியவில்லை. அப்போது சாத்தானின் சாயல் கொண்ட மெஃபிஸ்டோ வருகிறான். பெரியம்மாவைப் பிழைக்க வைக்கிறேன், ஆனால் உன் ஆன்மா எனக்கு வேண்டாம், உனக்கும் மேரி ஜேனுக்கும் நடந்த திருமணம் வேண்டும் என்கிறான். அந்தத் திருமணம் நடக்கவே நடக்காததாக ஆகிவிடும், இருவருக்கும் நினைவும் இருக்காது. அவர்களுக்குப் பிறந்திருக்கக்கூடிய மகளையும் அவன் காட்டிவிட்டுப் போகிறான். கணவனும் மனைவியும் சம்மதிக்கிறார்கள். பீட்டரின் ரகசியம் மீண்டும் ரகசியமாக வேண்டும் என்று மேரி ஜேன் கேட்டுப் பெறுகிறாள். மறுநாள் காலை பீட்டர் பெரியம்மா வீட்டில், மணமாகாத இளைஞனாகக் கண் விழிக்கிறான். செத்துப்போயிருந்த நண்பன் ஹாரி ஆஸ்போர்ன் உயிரோடு விருந்து கொடுக்கிறான். எல்லோரும் கோப்பையை உயர்த்துகிறார்கள்.

1987-ல் நடந்த திருமணம் அது. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' ஆண்டு மலரில் நடந்தது. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் நடிகர்களை வைத்து, ஸ்டான் லீயே சடங்கை நடத்திவைத்து, மார்வல் ஊரறியக் கொண்டாடிய கல்யாணம். இருபது ஆண்டுக் கதைகள் அதன்மேல் நின்றன. அதை ஒரே இரவில் இல்லாததாக்கியபோது வாசகர்கள் கொதித்தார்கள். கொதித்தவர்களுக்குக் கிடைத்த பெயர்தான் 'மாற்றத்தை ஏற்காதவர்கள்'.

இந்தப் பெயர் எவ்வளவு தவறானது என்பதற்கு அதற்கு முந்தைய ஆறு வருடங்களே போதும். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 2001-ல் இந்தத் தொடரை எழுத வந்தார். பீட்டரை அவன் படித்த பள்ளிக்கே ஆசிரியராக அனுப்பினார். சிலந்தி கடித்தது தற்செயல்தானா, அதற்குப் பின்னால் பழமையான ஏதோ சக்தி இருந்ததா என்று ஸ்பைடர்மேனின் பிறப்புக் கதையின் அடித்தளத்தையே அசைத்தார். அமெரிக்கக் காமிக்ஸில் அதைவிடப் பெரிய துணிச்சலையும் செய்தார். நாற்பது வருடமாகப் பெரியம்மாவிடம் மறைத்து வைத்திருந்த உண்மையை உடைத்தார். 2002-ல் வந்த ஓர் இதழ் ஏறக்குறைய முழுக்கவும் மேயும் பீட்டரும் உட்கார்ந்து பேசுவதுதான். சண்டை இல்லை, வில்லன் இல்லை. மூதாட்டி கேட்கிறாள், பையன் பதில் சொல்கிறான். மேயின் கணவர் பென் பெரியப்பாவின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பதும், அந்த இரவைப் பற்றி அவளும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்ததும் அங்கே வெளியே வருகிறது. மாற்றத்தை வெறுப்பவர்கள் என்று சொல்லப்படும் இதே வாசகர்கள் அந்த இதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். பிரிந்திருந்த பீட்டரும் மேரி ஜேனும் டென்வர் விமான நிலையத்தில் மீண்டும் சந்தித்தபோதும் அப்படித்தான். பிறகு குடும்பம் ஸ்டார்க்கின் கோபுரத்துக்குக் குடிபோனது, கடைசியில் முகமூடியும் கழன்றது. அவ்வளவையும் ஏற்றுக்கொண்டுதான் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அதே எழுத்தாளர் 2004-ல் எழுதிய 'சின்ஸ் பாஸ்ட்' கதையை இதே வாசகர்கள் காறி உமிழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பீட்டரின் இறந்துபோன காதலி க்வென் ஸ்டேசிக்கும் அவன் எதிரி நார்மன் ஆஸ்போர்னுக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாகச் சொன்ன கதை அது. பேசமுடியாத ஒரு பெண்ணின் மேல் செத்தபிறகு சேற்றை வாரிப் பூசியது. 2021-ல் மார்வலே வேறொரு எழுத்தாளரை வைத்து அந்தக் கதையைக் கழுவித் துடைத்தது. ஆக, வாசகர்கள் ஒரே எழுத்தாளரின் ஒரு மாற்றத்தை வரவேற்றார்கள், இன்னொன்றைத் தள்ளினார்கள். தள்ளியது தவறில்லை என்று பதினேழு வருடம் கழித்துப் பதிப்பகமும் ஒப்புக்கொண்டது. இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குப் பெயர் விமர்சனம்.

இங்கே எதிர்த்தரப்பு க்வெனையே துணைக்கு அழைக்கும். 1973-ல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழில் ஜெரி கான்வே அவளைக் கொன்றபோதும் கடிதங்கள் குவிந்தன, வசைகள் குவிந்தன, இன்று அது காமிக்ஸ் வரலாற்றின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று, அப்படியானால் கோபத்துக்கு என்ன மதிப்பு என்பார்கள். வலுவான வாதம்போலத் தோன்றும். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்த வலு தங்காது.

க்வென் சாகும்போது பீட்டர் வீசிய நூல் அவளைப் பிடிக்கிறது. அந்தப் பிடியிலேயே அவள் கழுத்து முறிகிறது. காப்பாற்ற நீண்ட கைதான் கொன்றதோ என்ற சந்தேகம் அவனை விட்டு என்றைக்கும் போகவில்லை. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், துக்கத்தில் வெறிபிடித்துப் பேசும் பீட்டரைவிட்டுப் போகவிருந்த மேரி ஜேன், போகாமல் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நிற்கிறாள். அதுவரை விருந்தும் நடனமுமாகத் திரிந்த பெண் அந்த ஒரு பக்கத்தில் முதிர்கிறாள். பதினான்கு வருடம் கழித்து நடந்த கல்யாணத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது. ஒரு சாவு, அதன் பின்விளைவு, அந்தப் பின்விளைவிலிருந்து முளைத்த புது வாழ்வு. 1973-ன் வாசகர்கள் அழுதார்கள். அவர்கள் அழுததைக் கதையும் மதித்தது, க்வென் செத்தாள் என்பதிலிருந்து அது பின்வாங்கவில்லை.

'ஒன் மோர் டே' செய்தது நேர் எதிரானது. பின்விளைவையே ரத்து செய்தது. முகமூடியைக் கழற்றியது பீட்டரின் முடிவு, அதற்கு விலை கொடுக்க வேண்டியவன் அவன். அந்த விலையைக் கொடுக்காமல் தப்பிக்கும் வழியைக் கதை அவனுக்குக் காட்டுகிறது, அவன் அதில் போகிறான். போனதும் மறந்துவிடுகிறான். எதை இழந்தோம் என்று தெரியாதவன் எதையும் தியாகம் செய்ததாகச் சொல்ல முடியாது. கதை அதைத் தியாகம் என்று அழைத்ததுதான் வாசகர்களைச் சுட்டது. 1962-ல் முதல் கதையிலேயே, ஓடிய திருடனை நமக்கென்ன என்று விட்டுவிட்டு, அந்த அலட்சியத்தின் பலனான பெரியப்பாவின் சாவை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறவன் என்று அறிமுகமானவன் இந்த நாயகன். செய்ததற்குப் பொறுப்பேற்பதைத் தவிர ஸ்பைடர்மேனுக்கு வேறு அடையாளம் கிடையாது. நீலமும் சிவப்புமான உடை அடுத்ததுதான். அந்த அடையாளத்தைப் பறித்துவிட்டு, திருமணத்தை நீக்கியதற்காக மட்டுமே ரசிகர்கள் கத்தினார்கள் என்று சொல்வது, அவர்கள் எழுதியதை யாரும் படிக்கவே இல்லை என்பதையே காட்டுகிறது.

பெரியம்மா மே சாவதை வாசகர்கள் தாங்கமாட்டார்கள் என்பதும் பொய். 1995-ல் 400-ஆம் இதழில் மே இறந்தாள். ஜே. எம். டிமாட்டீஸ் எழுதியது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்குப் பீட்டரோடு போய், நீ யார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, வீடு திரும்பி, கட்டிலில் அமைதியாகக் கண்மூடுகிறாள். படித்தவர்கள் கலங்கினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். நான்கு வருடம்கூட முழுதாகப் போகவில்லை, செத்தது மே அல்ல, நார்மன் ஆஸ்போர்ன் ஏற்பாடு செய்த ஒரு நடிகை என்று பதிப்பகம்தான் கதையை மாற்றியது. அந்தச் சாவிலிருந்து பின்வாங்கியவர்கள் யார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு எதுவும் வேண்டியதில்லை.

கல்யாணத்தை உடைக்க 2007-க்கு முன்பே எத்தனையோ முயற்சிகள் நடந்தன. 1994-ல் தொடங்கிய க்ளோன் சாகாவில், இத்தனை காலம் நாம் பார்த்த பீட்டர் நகல்தான், உண்மையானவன் பென் ரைலி என்றார்கள். மணமாகாத ஸ்பைடர்மேன் மீண்டும் கிடைப்பான் என்பது அதன் பின்னிருந்த கணக்குகளில் ஒன்று. அது எடுபடாமல் 1996-ல் பீட்டரே திரும்பினான். அந்தக் கதையின் முடிவில் அவர்கள் குழந்தை பறிபோனது. அடுத்து மேரி ஜேனை விமான வெடிப்பில் செத்ததாக அறிவித்து, 2001-ல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த வரிசையின் கடைசிப் படிதான் மெஃபிஸ்டோ. அன்று மார்வலின் முதன்மை ஆசிரியராக இருந்தவர் ஜோ கசாடா. 'ஒன் மோர் டே'யின் ஓவியரும் அவர்தான். திருமணம் பீட்டரை வயதானவனாகக் காட்டுகிறது, விவாகரத்து இன்னும் வயதானவனாகக் காட்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். கதையை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியோ, இந்த முடிவில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளியிலேயே சொன்னார். கடைசி இரண்டு பகுதிகளிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டார், கசாடா கேட்டுக்கொண்டதால்தான் விட்டுக்கொடுத்தார். எழுத்தாளரின் துணிச்சலை ரசிகர்கள் நசுக்கப் பார்த்தார்கள் என்ற கதை இங்கேயே நொறுங்குகிறது. எழுத்தாளர் வாசகர்கள் பக்கம் நின்றார்.

விற்பனை விழவில்லையே என்பார்கள். ஸ்பைடர்மேன் பழக்கத்தால் விற்கும் பெயர். க்ளோன் சாகா அவ்வளவு நீண்டு இழுபட்டதே அது நன்றாக விற்றதால்தான். அதை நல்ல கதை என்று இன்று விற்பனைக் கணக்கைக் காட்டி யாரும் வாதாடுவதில்லை.

இதைவிட நேர்மையான இன்னொரு வாதம் உண்டு. திருமணம் போனபிறகு, மாதம் மூன்று முறை வந்த இதழ்களில் டான் ஸ்லாட், மார்க் வெய்ட், ஜோ கெல்லி போன்றவர்கள் நல்ல கதைகள் எழுதினார்கள், வழி விட்டதால்தானே அவை பிறந்தன என்பது. நல்ல கதைகள் வந்தன, மறுக்கவில்லை. அவற்றில் நெஞ்சில் அதிகம் தைப்பது ஜோ கெல்லி எழுதிய ரைனோ கதை. காண்டாமிருகக் கவசம் அணிந்து திரிந்த முரட்டு வில்லன் திருந்தி, ஒக்சானா என்ற பெண்ணை மணந்து, சாதாரண மனிதனாக வாழப் பார்க்கிறான். ரைனோ என்ற பட்டத்துக்கு ஆசைப்படும் புதியவன் ஒருவன் அவளைக் கொன்றுவிடுகிறான். எரித்துப் போட நினைத்த வாழ்க்கைக்கே பழைய ரைனோ திரும்புகிறான். மணமான ஒருவனின் அன்பும் இழப்பும்தான் அந்தக் காலகட்டத்தின் உச்சம்! கல்யாணத்தில் கதை செத்துவிடும் என்று நம்பி ஸ்பைடர்மேனின் வீட்டைக் காலிசெய்த பதிப்பகம், அவன் எதிரியின் வீட்டில் குடித்தனம் வைத்துத்தான் அழ வைக்க முடிந்தது. பீட்டருக்கும் அந்த வீடு இருந்திருந்தால், மனைவியை இழந்த ரைனோவின் எதிரே அவன் நிற்கும் காட்சி எவ்வளவு கனத்திருக்கும்.

வயதாகிவிடும் என்ற பயத்தையும் வாசகர்கள் ஒருபோதும் பகிர்ந்துகொள்ளவில்லை. டாம் டிஃபால்கோவும் ரான் ஃப்ரென்ஸும் 1998-ல் உருவாக்கிய 'ஸ்பைடர்கேர்ள்' தொடரில் பீட்டர் நடுத்தர வயதுக்காரன். ஒரு காலை இழந்து, காவல்துறையின் தடயவியல் பிரிவில் வேலை பார்க்கிறான். மேரி ஜேன் அவன் மனைவி. பதின்வயது மகள் மேடே சுவரேறுகிறாள், இவன் தகப்பனாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மார்வல் அந்தத் தொடரை நிறுத்தப் போவதாகச் சொல்லும் போதெல்லாம் வாசகர்கள் எழுதி எழுதிக் காப்பாற்றினார்கள். 2006-வரை நூறு இதழ்கள் வந்தன. ஊனமுற்ற, நரைவிழத் தொடங்கிய, தகப்பனான ஸ்பைடர்மேனுக்காகப் போராடியவர்கள் இவர்கள். இவர்களைப் பார்த்தா, வளர மறுக்கும் குழந்தைகள் என்று சொல்வது?

கொலை மிரட்டல்களைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. 2012-ன் இறுதியில், வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் மனம் பீட்டரின் உடலைக் கைப்பற்றும் 700-ஆம் இதழின் முடிவு முன்கூட்டியே கசிந்தபோது, டான் ஸ்லாட்டுக்கு மிரட்டல்கள் வந்தன. 2011-ல் புதிய ஸ்பைடர்மேனாக மைல்ஸ் மொராலெஸ் வந்தபோது, கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கோத் தாய்க்கும் பிறந்த சிறுவன் என்பதற்காகவே இனவெறியைக் கக்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக வாதாட என்னிடம் ஒரு சொல் கிடையாது. மிரட்டல் குற்றம், இனவெறி இழிவு. ஆனால் மிரட்டியவனையும், கதையின் அறம் எங்கே முறிந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியவரையும் ஒரே கூட்டமாகக் கட்டி ஒரே பெயரிட்டுத் தள்ளுவது பதிப்பகங்களுக்கு மிக வசதியான ஏமாற்று. அந்த மூட்டைக்குள் போட்டுவிட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம். மைல்ஸுக்கு நடந்ததையும் முழுதாகப் பாருங்கள். அவனைத் தூக்கி வளர்த்ததும் வாசகர்கள்தான். 2018-ல் வெளிவந்த அவன் திரைப்படம் ஆஸ்கர் வாங்கும் அளவுக்கு அவன் வளர்ந்தான். ஆக்டோபஸ் நாயகனான 'சுப்பீரியர் ஸ்பைடர்மேன்' தொடரையும் படித்துப் பார்த்து நன்றென்று ஏற்றார்கள். அந்தக் கதையில் ஆக்டோபஸ் செய்ததற்கு ஆக்டோபஸ் விலை கொடுத்தான், அதனால் ஏற்றார்கள். 'ஒன் மோர் டே'யை மட்டும் இத்தனை ஆண்டுகளாகியும் ஏற்கவில்லை. ஆறிவிடும் என்று காத்திருந்தவர்கள் இந்த வேறுபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாசகரின் எதிர்ப்புக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கிறது. அறுபதுகளில் இதழ்களின் கடிதப் பக்கங்களில் எழுதியும் கையெழுத்துப் பிரதிபோலச் சிறு இதழ்கள் நடத்தியும் வந்த ராய் தாமஸ்தான், 1965-ல் மார்வலில் சேர்ந்து, ஸ்டான் லீக்குப் பிறகு முதன்மை ஆசிரியரானார். 1999-ல் கெயில் சிமோன் ஒரு வாசகியாக, நாயகனுக்குக் கோபமூட்டுவதற்காகவே கொல்லப்படும் பெண் பாத்திரங்களின் பட்டியலைத் தொகுத்தார். க்ரீன் லான்டர்ன் என்ற நாயகனின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்ட கதை அதற்குப் பெயர் தந்தது. அந்தப் பட்டியலும் அன்று எரிச்சலூட்டிய புகார்தான். இன்று அதைப் படிக்காமல் சூப்பர்ஹீரோ கதை எழுத உட்காருகிறவர் பொறுப்பானவர் அல்ல. சிமோன் பின்னர் அந்தத் துறையின் முக்கிய எழுத்தாளர்களில் ஒருவரானார்.

தமிழில் ஸ்பைடர்மேனைப் பெரும்பாலோர் திரையரங்கில்தான் சந்தித்திருப்பார்கள். 2021-ல் வந்த 'நோ வே ஹோம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். அங்கும் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் மந்திரம் போடுகிறார், அங்கும் உலகம் பீட்டரை மறக்கிறது. 2010-ல் கசாடாவே 'ஒன் மோர் டே'க்கு விளக்கமாக எழுதிய கதையிலும், பீட்டரின் ரகசியத்தை உலகின் நினைவிலிருந்து அழிப்பதில் ஸ்ட்ரேஞ்சின் கை இருந்தது. கருவி ஒன்றேதான். படத்தில் மே இறக்கிறாள், இறந்தவள் திரும்புவதில்லை. எல்லோரும் மறக்கட்டும் என்று பீட்டரே கேட்கிறான். மற்றவர்கள் மறக்கிறார்கள், அவன் மறக்கவில்லை. காதலி வேலைசெய்யும் கடைக்குப் போய், எழுதிவைத்த வார்த்தைகளைச் சொல்லாமல் வெளியே வருகிறான். மாற்றத்தை வெறுப்பவர்கள் என்று சொல்லப்பட்ட அதே ரசிகர்கள் உலகம் முழுக்க அரங்குகளை நிறைத்தார்கள். விலையைப் பீட்டர் கொடுத்தான், கொடுத்தது அவனுக்குத் தெரிந்தது. காமிக்ஸில் அவர்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

மார்வலுக்கும் இது தெரியாமல் இல்லை. 2015-ல் மணமான பீட்டரை ஒரு கிளைக்கதையில் கொண்டுவந்து பார்த்தது. அடுத்த ஆண்டு அதையே தனித் தொடராக்கியபோது எழுத அழைத்தது ஜெரி கான்வேயை, க்வெனைக் கொன்ற அதே கையை. 2024 ஜனவரியில் ஜொனதன் ஹிக்மன் எழுத, மார்க்கோ கெக்கெட்டோ வரைய, புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' வந்தது. அதில் பீட்டருக்கு முப்பதைத் தாண்டிய வயது. மேரி ஜேன் மனைவி, இரண்டு குழந்தைகள். பென் பெரியப்பா உயிரோடிருக்கிறார், மே இறந்துவிட்டாள். முதல் இதழ் கடைகளில் தீர்ந்து மறுபடி மறுபடி அச்சேறியது. 2007-ல் எதையெல்லாம் வாசகன் தாங்கமாட்டான் என்று பதிப்பகம் முடிவுசெய்ததோ, அத்தனையும் அந்த ஓர் இதழில் இருந்தது.